கறுப்பும் கருக்கும்

முன்னுரை

'கறுப்பு' என்பது ஒரு நிறம். 'கருக்கு' என்பது பனைமட்டையின் இரண்டு ஓரங்களிலும் வாள்போல் இருக்கும் பற்கள். மண்டகப்பட்டிலும் செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வளர்ந்த எங்களுக்குக் கருக்கைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பனைமட்டையை இழுத்து விளையாடிக் கையைக் கிழித்துக்கொள்ளாத பெண் எங்கள் வகுப்பில் இல்லை. ஆனால் இவ்விரு சொற்களும் இலக்கிய உலகில் நெருங்கிய உறவினர் என்பதை இவ்வாண்டுதான் அறிந்தோம். அறிந்ததைச் சகோதரியருக்கும் பெற்றோருக்கும் தோழியருக்கும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோலின் நிறத்தைக் கொண்டு மனிதரை உயர்ந்தவர் என்றும் தாழ்ந்தவர் என்றும் பிரிப்பது நிறவெறி. வரலாற்றுப் புத்தகத்தில் அதற்குரிய ஆண்டுகளும் சட்டங்களும் கிடைக்கும். ஆனால் அந்த இழிவைச் சுமந்தவரின் நெஞ்சு பட்ட பாட்டைக் கவிதையும் கதையுமே சொல்லவல்லவை. அதிலும் பட்டவர் தாமே சொன்னால்தான் அது முழுமையாக வரும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கு வராத தலைவலியையும் ஓரளவு உணரச் செய்யும் ஆற்றல் நல்ல கதைக்கு உண்டு.

முற்காலத்தில் நம் நூல்களில் 'நீக்ரோ' என்று எழுதினார்கள். அச்சொல்லை அம்மக்கள் இன்று ஏற்பதில்லை. ஆகவே நாங்கள் 'கறுப்பினத்தவர்' என்றே எழுதுகிறோம்.

பெயரை இழந்த இரண்டு சிறுமியர்

பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்க மக்கள் விலங்கு பூட்டப்பட்டு, அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலுள்ள அமெரிக்க நாடுகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர் என்று வரலாற்று அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். கடலிலேயே மாண்டவர் மட்டும் ஏறத்தாழ 18 லட்சம் பேர். கரும்பு, பருத்தி, புகையிலைத் தோட்டங்களில் மாடுகளைப் போல் உழைக்கவே அவர்கள் வாங்கப்பட்டனர்.

இவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டால் மனம் மரத்துப் போகிறது. ஆகவே இரண்டு சிறுமியரை மட்டும் பார்ப்போம்.

1761ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத் துறைமுகத்தில் ஒரு சிறுமி விற்கப்பட்டாள். முன்பற்கள் விழுந்திருந்ததைப் பார்த்து ஏழெட்டு வயது இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அவளை ஏற்றி வந்த கப்பலின் பெயர் 'பிலிஸ்'. அதையே அவளுக்கும் பெயராக இட்டார்கள். வாங்கிய குடும்பத்தின் பெயரையும் சேர்த்து அவள் பிலிஸ் வீட்லி ஆனாள். தாய் இட்ட பெயர் என்னவென்று உலகுக்குத் தெரியாமலே போயிற்று. அவ்வீட்டார் அவளுக்குக் கல்வி தந்தார்கள். அவள் கவிதை எழுதத் தொடங்கினாள். 1773இல் அவளுடைய கவிதை நூல் லண்டனில் வெளிவந்தது. ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் ஒருவர் வெளியிட்ட முதல் கவிதை நூல் அதுவே.

அடிமைப் பெண் கவிதை எழுதுவாள் என்பதை அக்காலத்தார் நம்ப மறுத்தனர். எனவே ஆளுநர் உள்ளிட்ட 18 பெரிய மனிதர்கள், 'இக்கவிதைகள் இவள் எழுதியவையே' என்று கையெழுத்திட்ட சான்றுரையையும் சேர்த்தே நூலை அச்சிட்டார்கள். தோழியரே, நம் விடைத்தாளை நாம்தான் எழுதினோம் என்பதற்கு ஊர்ப் பெரியவர்கள் பதினெட்டுப் பேர் கையெழுத்திட வேண்டும் என்றால் நம் மனம் என்ன பாடுபடும்!

இரண்டாமவர் நம் சகோதரியருக்கு நன்கு தெரிந்தவர். புனித ஜோசபின் பக்கீத்தா. ஏறத்தாழ 1869இல் சூடான் நாட்டில் பிறந்தவர். அடிமை வணிகர்கள் அவரைச் சிறுவயதில் கடத்திச் சென்றனர். அச்சத்தால் தம் பெயரையே அக்குழந்தை மறந்து போயிற்று. 'பக்கீத்தா' என்று பெயரிட்டவர்கள் கடத்தியவர்களே. அதற்கு 'அதிர்ஷ்டசாலி' என்று பொருளாம்! பலமுறை விற்கப்பட்டு, சாட்டையடியின் தழும்புகளைச் சுமந்து, இத்தாலிக்குச் சென்று, 1889இல் நீதிமன்றத்தால் விடுதலை பெற்று, கனோசியன் சபையில் துறவியானார். மேலதிகாரிகள் பணித்தபடி அவர் தம் கதையைச் சொல்ல, இடா சனோலினி என்னும் பெண்மணி அதை எழுத, 1931இல் அது நூலாக வெளிவந்தது. 2000ஆம் ஆண்டு திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

பிலிஸ், பக்கீத்தா இருவருமே தம் பெயரை இழந்தவர்கள். ஆனால் கவிதையாலும் கதையாலும் அவர்கள் இன்று உலகத்தின் நினைவில் வாழ்கிறார்கள். அவர்களை விலைபேசியவர்களில் எத்தனை பேரை நாம் நினைக்கிறோம்?

எழுத்துக்கு இட்ட தடை

அமெரிக்காவின் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருவது சட்டப்படி குற்றமாக இருந்தது. ஏன் அப்படி? பிரெடரிக் டக்ளஸ் என்பவரின் வாழ்க்கையைப் படித்தபோது எங்களுக்கு விடை கிடைத்தது.

டக்ளஸ் சிறுவனாக இருந்தபோது, அவரை வைத்திருந்த வீட்டின் எஜமானி எழுத்துக்களைக் கற்பிக்கத் தொடங்கினார். அவர் கணவர் அதைக் கண்டு தடுத்துவிட்டார். படித்தவன் அடிமையாக இருக்கச் சம்மதிக்க மாட்டான் என்பது அவர் வாதம். அதைக் காதில் வாங்கிய சிறுவனுக்கு அன்றே விடுதலைக்கு வழி புரிந்துவிட்டது! தெருவில் விளையாடிய ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்குத் தன் ரொட்டியைக் கொடுத்து, அதற்கு ஈடாகப் பாடம் கற்றான். 1838இல் தப்பி ஓடி விடுதலை பெற்றார் டக்ளஸ். 1845இல் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வெளியிட்டார். அடிமை முறையை ஒழிக்கப் போராடியவர்களின் கையில் அந்நூல் ஓர் ஆயுதமாயிற்று.

நாம் 'வீட்டுப்பாடம் எழுத வேண்டுமே' என்று சலித்துக்கொள்கிறோம். ஒரு சிறுவன் தன் உணவைக் கொடுத்து எழுத்தை வாங்கியிருக்கிறான்.

வாயே ஏடானது

எழுத்து மறுக்கப்பட்டவர்கள் ஊமையாக இருந்துவிடவில்லை. அவர்கள் பாடினார்கள்; கதை சொன்னார்கள்.

அவர்கள் சொன்ன கதைகளில் முயல் ஒன்று அடிக்கடி வரும். நரி, ஓநாய், கரடி ஆகிய வலிய விலங்குகளை அச்சிறு முயல் அறிவால் ஏய்த்துவிடும். நம் பஞ்சதந்திரத்தில் சிங்கத்தைக் கிணற்றில் குதிக்க வைத்த முயலை இது நினைவூட்டுகிறது அல்லவா? கேட்கும் எஜமானுக்கு அது குழந்தைக் கதை. சொல்பவருக்கோ, முயல் யார், ஓநாய் யார் என்பது நன்றாகத் தெரியும்.

அவ்வாறே அவர்கள் பாடிய ஞானப் பாடல்களில் மோயீசனும் எகிப்தும் யோர்தான் ஆறும் வரும். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ராயேல் மக்களை இறைவன் மீட்ட கதை அது. பாடியவர்களுக்கு எகிப்து என்பது தாங்கள் நின்ற பருத்திக் காடு. யோர்தானுக்கு அப்பால் உள்ள கரை என்பது விடுதலை. அடிமைத்தளையிலிருந்து தானும் தப்பி, மீண்டும் மீண்டும் திரும்பி வந்து பலரையும் அழைத்துச் சென்ற ஹாரியட் டப்மன் என்னும் வீரப் பெண்மணியை 'மோயீசன்' என்றே அழைத்தார்கள்.

நம் வயல்களிலும் நாற்று நடும் பெண்கள் பாடுவார்கள். இழவு வீட்டில் ஒப்பாரி வைப்பவர் இறந்தவருக்காக அழுவதுபோல் தம் வாழ்க்கையையும் சேர்த்தே பாடிவிடுவார். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் துகிலுரிப்பு நடக்கும் இரவில், சபை நடுவே திரௌபதி நீதி கேட்கும்போது, முன்வரிசையில் இருக்கும் பெண்கள் கண்ணீர் விடுவதை நாங்களே பார்த்திருக்கிறோம். அந்தக் கண்ணீரில் பாதி அவர்களுடைய சொந்தக் கண்ணீர்தான் என்று தோன்றுகிறது. எழுத்து இல்லாத இடத்தில் வாயே ஏடாகிறது.

கண்ணாடி முன் நின்ற சிறுமி

1865இல் அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் தென் மாநிலங்களில் தனிப் பள்ளி, தனிக் குழாய், பேருந்தில் தனி இருக்கை என்று இழிவு வேறு வடிவம் எடுத்தது. 1955 டிசம்பரில் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் ரோசா பார்க்ஸ் என்னும் தையற்காரப் பெண்மணி எழுந்து இடம் விட மறுத்தார். அந்நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தைப் புறக்கணித்து நடந்தே சென்றார்கள். 1964இல் குடியுரிமைச் சட்டம் பிறந்தது.

சட்டம் பேருந்து இருக்கையை மாற்றும். மனத்தின் உள்ளே அமர்ந்துவிட்ட இழிவை மாற்றுவது எது? இங்கேதான் இலக்கியத்தின் வேலை தொடங்குகிறது.

டோனி மாரிசன் என்னும் எழுத்தாளர் 1970இல் எழுதிய முதல் நாவலில் ஒரு கறுப்பினச் சிறுமி வருகிறாள். தன் கண்கள் நீலமாக இருந்தால் எல்லோரும் தன்னை நேசிப்பார்கள் என்று எண்ணி, நீலக் கண்களுக்காக அவள் ஏங்குகிறாள். வெறுப்பு வெளியிலிருந்து வந்து, கடைசியில் அச்சிறுமியின் உள்ளத்திலேயே குடியேறிவிடுகிறது. பிறர் நம்மை வெறுப்பதைவிடக் கொடியது, நம்மையே நாம் வெறுக்கப் பழகுவது. மாரிசன் 1993இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி அவரே.

மாயா ஏஞ்சலோ என்னும் கவிஞர், சிறுமியாக இருந்தபோது நேர்ந்த பெருந்துயரத்தால் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் வாய் பேசாமலே இருந்தார். நல்ல உள்ளம் படைத்த ஓர் அம்மையார் நூல்களைக் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லி, அவர் குரலை மீட்டுத் தந்தார். 1969இல் மாயா தம் இளமைக் கதையை எழுதினார். 1993இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் பதவியேற்பு விழாவில், நாடே கேட்கத் தம் கவிதையைப் படித்தார்.

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவில் நடந்தது என்று எண்ணிவிட வேண்டாம். நம் வீட்டில் பெண் பிறந்தால் முதல் கேள்வி என்ன? 'குழந்தை செவப்பா, கறுப்பா?' திருமண விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்று அச்சிடுகிறார்கள். வகுப்பில் 'கறுப்பி' என்று பட்டப்பெயர் வைக்கிறோம். நாடெங்கும் விற்கும் முகப்பூச்சு ஒன்று, தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்னும் சொல்லை 2020இல்தான் நீக்கியது. சொல் போய்விட்டது, ஏக்கம் போயிற்றா? நீலக் கண்ணுக்கு ஏங்கிய சிறுமி நம் வீட்டுக் கண்ணாடி முன்னும் நிற்கிறாள், தோழியரே!

கரும்புத் தோட்டத்துக் கண்ணீர்

கறுப்பினத்தவரின் கதைக்கும் தமிழரின் கதைக்கும் கடல்வழி உறவு ஒன்றும் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் 1834இலும், பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளில் 1848இலும் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. தோட்டங்களில் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! ஒப்பந்தக் கூலி என்ற பெயரில் இந்தியரைக் கப்பலேற்றினார்கள். நமக்கு அருகிலுள்ள புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குச் சென்றார்கள். மார்த்தினிக்கில் முதல் கப்பல் சேர்ந்தது 1853இல். அத்தீவுகளில் இன்றும் மாரியம்மன் வழிபாடு இருக்கிறது என்று அறிந்து வியந்தோம்.

அதே மார்த்தினிக் தீவில் பிறந்த கறுப்பினக் கவிஞர் எமே செசேர். 'கறுப்பு' என்று பிறர் இழித்த சொல்லையே பெருமைச் சொல்லாக எடுத்துக்கொண்டு, 1939இல் தாய்மண்ணுக்குத் திரும்புதலைப் பற்றி நெடுங்கவிதை ஒன்றை வெளியிட்டார். அதில் துன்புறும் மக்கள் அனைவரோடும் தம்மை ஒன்றாக எண்ணும்போது, கல்கத்தாவின் இந்து மனிதரையும் அவர் மறக்கவில்லை.

நம் மகாகவி பாரதியார், பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய நம் பெண்களை எண்ணி உருகிப் பாடியதை அறிவோம். அவர்கள் அழுத சொல் என்னவென்று காற்றிடம் அவர் கேட்கிறார். ஏனெனில் அப்பெண்களின் சொல் அவருக்கு எட்டவில்லை. பிறருக்காகக் கவிஞர் அழுவது பெரிய அறம். ஆனால் அப்பெண்களே எழுதியிருந்தால் நமக்குக் காற்றைக் கேட்க வேண்டிய தேவை இருந்திருக்காது.

நிறமும் சாதியும்

நிறமும் சாதியும் ஒன்றா? ஒன்றல்ல. நிறம் கண்ணுக்குத் தெரியும். சாதி தெரியாது. ஆகவேதான் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: 'உங்க வீடு எந்தப் பக்கம்? ஊரா, காலனியா?' ஆறு சொல்லில் முடியும் கேள்வி. பதில் வந்ததும் சிலருடைய முகம் மாறிவிடும். சில வீடுகளில் தண்ணீர்ச் சொம்பும் மாறிவிடும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு சொல்லுக்குள் எவ்வளவு வலி இருந்தால் அதை நீக்கச் சட்டமன்றம் பேச வேண்டியிருக்கும்!

வேர் வேறானாலும் கசப்பு ஒன்றே என்பதைப் பெரியோர் முன்பே கண்டனர். 1873இல் ஜோதிராவ் பூலே 'அடிமைத்தனம்' என்னும் பொருள்படும் மராத்தி நூலை எழுதி, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதை எடுத்துக்காட்டினார்.

1959இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்தார். கேரளத்தில், தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகள் பயின்ற ஒரு பள்ளிக்குச் சென்றார். தலைமையாசிரியர் அவரை, 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும், உங்களைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர்' என்ற பொருளில் அறிமுகம் செய்தார். கிங் முதலில் திடுக்கிட்டாராம். பிறகு தம் நாட்டில் தம் மக்கள் இருக்கும் நிலையை எண்ணிப் பார்த்து, 'ஆம், நானும் ஒரு தீண்டப்படாதவனே' என்று உணர்ந்ததாகப் பின்னாளில் மறையுரையில் கூறினார். ஒரு பள்ளிக்கூடத்தில்தான் அவருக்கு அந்தத் தெளிவு பிறந்தது என்பது மாணவியராகிய எங்களுக்குப் பெருமையாக இருக்கிறது.

1972இல் மும்பையில் இளம் எழுத்தாளர்கள் 'தலித் சிறுத்தைகள்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். அமெரிக்காவின் 'கருஞ்சிறுத்தைகள்' இயக்கத்தின் பெயரைத் தழுவி இட்ட பெயர் அது. 'தலித்' என்றால் நொறுக்கப்பட்டவர் என்று பொருள். தமிழில் தலித் இலக்கியம் 1990களில் வேகம் பெற்றது.

கருக்கு

இப்போது தலைப்பின் இரண்டாம் சொல்லுக்கு வருகிறோம். 1992இல் 'கருக்கு' என்னும் நூல் வெளிவந்தது. எழுதியவர் பாமா, விருதுநகர் மாவட்டத்தில், கத்தோலிக்கத் தலித் குடும்பத்தில் பிறந்தவர். அந்நூல் அவருடைய சொந்தக் கதை. அதை அவர் பாடப்புத்தகத் தமிழில் எழுதவில்லை; தம் தெரு பேசும் தமிழிலேயே எழுதினார். பிழைத் தமிழ் என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் படிப்பவர் காதில் அந்தத் தெருவே வந்து பேசுகிறது.

அதில் ஒரு நிகழ்ச்சி. பாமா மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, அவர் தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தை நூலில் பிடித்துத் தொங்கவிட்டபடி வருகிறார். அதைப் பார்த்துச் சிறுமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. பொட்டலத்தைக் கையால் தொட்டால் தீட்டு என்று நிலவுடைமையாளர் கருதுவதால்தான் பெரியவர் அப்படிக் கொண்டு போனார் என்று விளக்குகிறார். அந்தச் சிரிப்பு அங்கே நின்றுபோகிறது. நன்றாகப் படித்தால் இந்த இழிவைத் தள்ளலாம் என்று அண்ணன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அவர் படிக்கிறார்.

இந்த ஒரு நூலிழையைப் பற்றி எத்தனை சட்டப் புத்தகத்தைப் படித்தாலும் நமக்கு இப்படி உறைத்திருக்காது.

பாமா ஆசிரியையானார். ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்ய விரும்பித் துறவு மடம் புகுந்தார். அங்கும் சாதி வேற்றுமையைக் கண்டு மனம் நொந்து, ஏழு ஆண்டுகளுக்குப் பின் வெளியேறினார். இதையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இந்நூலை எங்கள் கையில் கொடுத்தவரே ஓர் அருட்சகோதரி என்பதை இங்கே நன்றியோடு குறிப்பிடுகிறோம். 'வலிக்கும். ஆனா படிங்கம்மா' என்றுதான் கொடுத்தார். 2003 நவம்பரில், தமிழக ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், கிறிஸ்தவரிடையே சாதி வேற்றுமையின் சாயல்கூட இருக்கலாகாது என்று அறிவுறுத்தினார். நோய் இல்லாத இடத்தில் மருத்துவர் பேச மாட்டார் அல்லவா?

பனங்கருக்கு இருபுறமும் அறுக்கும். எபிரேயர் திருமுகத்தில் வரும் இருபுறமும் கூரிய வாளை நூலின் முன்னுரையில் பாமா நினைவுகூர்கிறார். லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் இந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அது கிராஸ்வேர்ட் விருது பெற்று உலகெங்கும் சென்றது.

இமையம் 1994இல் எழுதிய 'கோவேறு கழுதைகள்' நாவலும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அதில் வரும் ஆரோக்கியம் என்னும் சலவைத் தொழிலாளிப் பெண், தாழ்த்தப்பட்ட மக்களுக்கே துணி வெளுத்து, மாலையில் வீடு வீடாகச் சோறு வாங்குபவள். மிதிபட்டவரும் தமக்குக் கீழே ஒருவரை மிதிக்கக்கூடும் என்ற கசப்பான உண்மையை அந்நாவல் சொல்கிறது. பள்ளி ஆசிரியையாகிய கவிஞர் சுகிர்தராணி, பெண்ணாகவும் தலித்தாகவும் தாம் படும் இரட்டை வலியைக் கவிதையாக்கியவர். 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி இருவரின் படைப்புகளையும் நீக்கியது. அப்போது பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். கதையைச் சொல்ல ஒருவருக்குத் துணிவு வேண்டும். கேட்பதற்கு மற்றவருக்கும் துணிவு வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

எங்கள் பெஞ்சில் இரண்டு பேத்திகள்

இவற்றைப் படித்த பின், எங்கள் பாட்டிமாரிடம் பழைய கதை கேட்கத் தொடங்கினோம். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. 'அதெல்லாம் எதுக்கு கண்ணு இப்ப? பொஸ்தகத்துல போடற கதையா அது?' என்றார் ஓர் ஆயா. இரண்டு மூன்று மாலைகள் கழித்து அவரே சொன்னார். தேநீர்க் கடையின் கூரையில் அவர் தெருக்காரருக்கென்று கொட்டாங்கச்சிகள் செருகி வைத்திருப்பார்களாம். அதை எடுத்து நீட்டினால் மேலிருந்து ஊற்றுவார்களாம். குடித்தபின் தாமே கழுவி மறுபடியும் செருகிவிட வேண்டும். காசைக் கையில் கொடுக்கக் கூடாது. திண்ணையில் வைக்க வேண்டும்.

அந்தப் பேத்தி எங்கள் வகுப்பில் படிக்கிறாள். அவளோடு ஒரே பெஞ்சில் அமரும் இன்னொருத்தியின் தாத்தாதான் அக்காலத்தில் அந்தக் கடையை நடத்தியவர். இதைப் பேசிக்கொண்டபோதுதான் இருவருக்கும் இது தெரிய வந்தது. அன்று மதியம் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. கட்டுரையிலிருந்து இப்பகுதியை எடுத்துவிடலாமா என்று நாங்கள் யோசித்தோம். மறுநாள் கடைக்காரர் பேத்தியே வந்து சொன்னாள்: 'எழுதுங்கடி. ஆனா எங்க தாத்தா நல்லவருன்னும் எழுதுங்க. பஞ்சத்துல எத்தனையோ பேருக்குக் கடன் குடுத்தாரு.' மற்றவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'ரெண்டையும் எழுது' என்றாள்.

ஆகவே இரண்டையும் எழுதியிருக்கிறோம். இரண்டும் உண்மை. நல்லவர்களும் தவறென்று உணராமலே ஒரு கொடுமையைச் செய்துகொண்டிருக்கக்கூடும் என்பதே நாங்கள் கற்ற பாடங்களில் கடினமானது. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. ஆயினும் கொட்டாங்கச்சியின் கதை ஆயாவின் நெஞ்சில் எழுபது வயது வரை செருகியே இருந்தது. சொன்ன பிறகு, 'பாரம் எறங்குன மாதிரி இருக்கு கண்ணு' என்றார். இப்போது அந்தப் பாரத்தில் ஒரு பங்கு எங்களிடம் இருக்கிறது. இருக்கட்டும், பங்கிட்டால் பாரம் குறையும்.

முடிவுரை

நம் மண்டகப்பட்டுக் குடைவரைக் கோயிலை அறியாதவர் இல்லை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்தது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் ஆகியோருக்கு இதைச் செய்வித்ததாக, விசித்திரசித்தன் என்னும் தன் பட்டப்பெயரால் அவன் கல்வெட்டுப் பொறித்திருக்கிறான். எவை எவை இல்லாமல் செய்தான் என்ற பட்டியல் இருக்கிறது. யாரைக் கொண்டு செய்தான் என்பது அதில் இல்லை. அக்கல்லை நாள்தோறும் உளி கொண்டு செதுக்கியவரின் பெயரை எவரும் பொறித்து வைக்கவில்லை.

அன்று எழுத்து சிலர் கையில் மட்டும் இருந்தது. இன்று எழுதுகோல் நம் எல்லோர் கையிலும் இருக்கிறது. பிலிசுக்கு வேண்டியிருந்த பதினெட்டுக் கையெழுத்துகள் நமக்குத் தேவையில்லை. ஆகவே தோழியரே, கறுப்பினத்தவரின் துயரத்தைப் படித்துக் கண்ணீர் விடுவதோடு நில்லாமல், மூன்று காரியங்களை இவ்விடுமுறையில் செய்வோம். வகுப்பில் நிறத்தை வைத்து இட்ட பட்டப்பெயரை விட்டுவிடுவோம். 'எந்தப் பக்கம்' என்று எவரையும் கேட்காதிருப்போம். வீட்டிலுள்ள மூத்த பெண்மணி ஒருவரிடம், 'உன் சின்ன வயசுல என்ன நடந்துச்சு?' என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதி வைப்போம்.

பெற்றோரே, பெரியோரே! பிள்ளைகள் வந்து கேட்டால் 'அதெல்லாம் எதுக்கு' என்று தள்ளிவிடாதீர்கள். சொல்லுங்கள். உங்கள் கதை கருக்குப்போல் எங்கள் கையைக் கொஞ்சம் கிழிக்கலாம். கிழிபட்ட கை, மற்றவரைத் தொடும்போது மென்மையாகத் தொடும்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு